செட்டா மாத்திடலாம் சார்

"செட்டா மாத்திடலாம் சார்."

இன்றைக்குத் தமிழில் அதிகப் பணம் பிடுங்குகிற வாக்கியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்றே சொல். சொல்கிறவர் சட்டை கசங்காமல், கையில் டேப்லெட்டோடு, ஏசி அறையில் நின்று சொல்வார். கேட்கிறவருக்கு 'செட்' என்றால் என்ன, எதற்கு மாற்ற வேண்டும், மாற்றினால் சரியாகிவிடும் என்று எப்படித் தெரிந்தது, எதுவும் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவார். கையெழுத்துப் போடுவார். வெளியே வந்து யாரிடமாவது கடன் கேட்பார்.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதைவிட அதிகமாக, அதற்குத் தலையாட்டுகிற நமக்கு எதிரானது. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். இன்னும் மோசம், தலையாட்டச் சொல்லி இன்னொருவரை அனுப்பி வைத்தவன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் சித்தப்பா திருச்சியில் டாக்சி ஓட்டுகிறார். சொந்த வண்டி. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் செடான். போன வருஷம் ஆடி மாசம் ஒரு ராத்திரி, ஏர்போர்ட்டிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவர் நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் நெரிசலில் நின்றார். முன்னால் வண்டிகள் நகர்ந்தன. இவருக்குக் கியர் விழவில்லை. கிளட்சை முழுசாக மிதித்து முதல் கியருக்குத் தள்ளினால் சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால் கரகரவென்று சத்தம். பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிறது.

சித்தப்பா சின்ன வயசில் லாரியில் கிளீனராக இருந்தவர். இஞ்சினை அணைத்தார். அணைத்ததும் முதல் கியர் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் விழுந்தது. முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பினார். வண்டி குதித்துக் குதித்து ஓரம் கட்டியது. குடும்பத்தை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, அன்றைய வாடகையை விட்டுக்கொடுத்துவிட்டு, எனக்கு போன் போட்டார்.

"தம்பி, கியர் விழ மாட்டேங்குது. நம்ம பாய்கிட்டயே விட்ரவா?"

நான் அப்போது சென்னையில், அறையில் படுத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தேன். "வேணாம் சித்தப்பா. பெரிய சர்வீஸ் சென்டர்ல விடுங்க. அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, கரெக்டா சொல்லிருவாங்க" என்றேன். எனக்கு கார் ஓட்டக்கூடத் தெரியாது. ஆனால் படித்தவன். நான் சொன்னால் சித்தப்பா கேட்பார். கேட்டார்.

எஸ்டிமேட் 34,600 ரூபாய் வந்தது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர், வரி. சித்தியின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. கியர் அருமையாக விழுந்தது. பதினோராம் நாள் மறுபடி விழவில்லை. திரும்பக் கொண்டுபோனால், "அப்ப கியர்பாக்ஸ்லதான் சார் பிரச்சினை. அசெம்ப்ளியா மாத்திடலாம்" என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல்.

இந்தத் தடவை சித்தப்பா என்னைக் கேட்கவில்லை. டோ வண்டி வைத்து பாலக்கரை சந்துக்குள் இருக்கிற பாயின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகு நடந்ததை சித்தப்பா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டுவிட்டேன். பாய் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. டீ சொன்னார். "என்னண்ணே ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேட்டார். டோல்கேட்டில் நடந்ததைச் சித்தப்பா சொன்னார். "ஆஃப் பண்ணா விழுந்துச்சா? எல்லாக் கியருமா?" "ஆமா பாய், எல்லாமே." "அப்ப கியர்பாக்ஸ் பாவம், அத விடுங்க" என்று எழுந்து போய் சீட்டில் உட்கார்ந்தார். கிளட்ச் பெடலை நாலைந்து தடவை வேக வேகமாக அமுக்கினார். இஞ்சின் ஓடும்போதே கியர் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, கிளட்சை அடிவரை மிதித்து, முதல் கியரில் அப்படியே சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்து செகண்டு, பத்து செகண்டு ஒன்றுமில்லை. இருபது செகண்டு இருக்கும், மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, வண்டி மெள்ள முன்னால் ஊர ஆரம்பித்தது.

"உள்ளுக்குள்ளயே லீக் ஆவுதுண்ணே. மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போச்சு."

புது மாஸ்டர் சிலிண்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். அதற்கப்புறம் இன்றுவரை அந்த வண்டியில் கியர் விழாமல் போகவில்லை.

சித்தப்பா லாரிக் காலத்துப் பழக்கத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து பழைய சாமானைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பாய் அந்தப் பழைய கிளட்ச் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிவெட்டுக்கு மேலே லைனிங் நன்றாகவே இருந்தது. "நல்ல பிளேட்டுண்ணே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம்.

உடனே இது 'கெட்ட கம்பெனி, நல்ல மெக்கானிக்' கதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோட்டோர ஷெட்டுகளிலும் "போட்டுப் பாப்போம்" என்று கஸ்டமர் காசில் பரிசோதனை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பாயே தப்புப் பண்ணியிருக்கிறார், அதையும் சித்தப்பா சொல்லியிருக்கிறார். சர்வீஸ் சென்டரில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த பையன் பாயைவிடக் கெட்டிக்காரனாகக்கூட இருக்கலாம். ஆனால் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வித்தியாசம் அங்கேதான். ஓர் இடத்தில் முதலில் கேள்வி வந்தது. இன்னோர் இடத்தில் முதலில் பில் வந்தது.

அந்தக் கேள்விகளின் மதிப்பு புரிய, பெடலை மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள். சில நிமிஷ வேலை.

இஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முதுகில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு. அதோடு ஒட்டி கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது. பிளேட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டு கியர்பாக்ஸுக்குள் போகிறது. கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி தளர வேண்டும். பிளேட் விடுபட வேண்டும். கியர்பாக்ஸுக்குள் போகிற தண்டு இஞ்சினோடு சேர்ந்து சுற்றுவதை நிறுத்த வேண்டும். அப்போதுதான் கியரின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும். பிடி முழுசாக விடவில்லை என்றால் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைப் பொருத்த முடியாது. கியர்பாக்ஸ் நன்றாகவே இருந்தாலும் கியர் விழாது.

இரண்டின் வேகத்தையும் ஒப்பாக்கிக் கொடுக்கிற சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாட்டை 1928இல் காடிலாக் கார்களில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் டிரைவர்தான் காதால் கேட்டு, இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, வேகத்தை ஒப்பாக்க வேண்டும். பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்வது அதைத்தான். சிங்க்ரோ இருந்தாலும் கிளட்ச் பிடியை விட்டால்தான் அது வேலை செய்யும். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால்தான் கிளட்ச் சரியாக விடாதபோது ரிவர்ஸ் முதலில் கரகரக்கிறது.

சரி, கால் மிதிப்பது பிளேட்டுக்கு எப்படிப் போகிறது? சில வண்டிகளில் வெறும் கேபிள். பல வண்டிகளில் எண்ணெய். பெடல் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, எண்ணெய் குழாய் வழியாக அழுத்தத்தைக் கொண்டுபோகிறது, மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் அதை வாங்கி ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போகும் என்ற விதி அது. சொன்னவர் பாஸ்கல். ஆம், 'பென்சே' எழுதிய அதே பாஸ்கல்தான். 1662இல் அவர் செத்த மறுவருஷம் திரவங்களின் சமநிலை பற்றிய அவர் நூல் வெளிவந்தது, 'பென்சே' 1670இல். நம் இலக்கியக் கூட்டங்களில் இரண்டாவது புத்தகத்தின் பெயரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். முதல் புத்தகம் நம் காலுக்கடியில் இருக்கிறது என்பதை பாயின் ஷெட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது பாய் கேட்டவற்றையும் பார்த்தவற்றையும் வரிசையாகப் பாருங்கள்.

இஞ்சினை அணைத்தால் கியர் விழுகிறதா? விழுந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் குற்றவாளி இல்லை, கிளட்ச் பிடியை விடவில்லை. அணைத்தும் விழவில்லை என்றால் சந்தேகம் கியர் ராடு, கேபிள், கியர்பாக்ஸ் பக்கம் போகும். (சில சமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்கும். வண்டியை ஓரடி தள்ளிவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கணும்.) இந்த ஒரு சோதனைக்குச் செலவு சைபர். ஒரு லட்ச ரூபாய் கியர்பாக்ஸைக் காப்பாற்றியது இந்தச் சைபர்தான்.

எல்லாக் கியருமா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் அடம்பிடித்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையமோ அதைத் தள்ளுகிற ஃபோர்க்கோ தேய்ந்திருக்கலாம். எல்லாம் ஒரே நாளில் போனால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது.

கியர் ராடு கையில் எப்படி இருக்கிறது? காலிப் பானையில் கரண்டி ஆடுகிற மாதிரி தொளதொளவென்று ஆடினால் கேபிள் முனை கழன்றிருக்கும், அல்லது அங்கே இருக்கிற சின்ன பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கும். இறுகிக் கிடந்தால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம், இஞ்சின் மவுன்ட் உடைந்து எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம்.

பெடல் என்ன சொல்கிறது? பொசுக்கென்று அடிவரை போகிறதா? பம்ப் பண்ணினால் கியர் விழுகிறதா? விழுந்தால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ரப்பர் சீல் போய்விட்டது. எண்ணெய் குறைகிறதா? குறைந்தால் வெளியே எங்கேயோ ஒழுகுகிறது. பெடலுக்கு மேலே கைவிட்டுத் தடவிப் பார், ஸ்லேவ் சிலிண்டர் பக்கம் ஈரம் இருக்கிறதா பார். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் எண்ணெய் போகிறது. அதனால் கிளட்சில் ஒழுகுவதை அலட்சியமாக விடக்கூடாது. எண்ணெய் குறையவே இல்லை, ஆனாலும் மிதித்துப் பிடித்தால் அழுத்தம் நிற்கவில்லை என்றால்? சிலிண்டருக்குள்ளேயே கிழிந்த சீலைத் தாண்டி எண்ணெய் பின்னால் போகிறது. சித்தப்பா வண்டியில் நடந்தது அதுதான்.

இதற்கு முன் என்ன நடந்தது? வண்டி பல வாரம் நின்றதா? தண்ணீரில் நின்றதா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் வெள்ளத்தில் நின்றன என்று நமக்குத் தெரியும். அப்படி நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் நன்றாகத்தான் இருக்கும், கியர் விழாது. புதுசாக மேட் ஏதும் போட்டீர்களா? சிரிக்காதீர்கள். தடி மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் சிக்கி, முழுசாக மிதிக்க முடியாமல் போவதும் நடக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பின்னால் ஒருவரை நிற்க வைத்து பிரேக் லைட் எரிகிறதா பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்தது வண்டிக்குத் தெரியாவிட்டால் லீவர் 'பி'யை விட்டு நகராது. ஒரு ஃபியூஸோ ஸ்விட்சோ போயிருக்கும். அதற்குப் போய் யாராவது கியர்பாக்ஸை இறக்கினால் என்ன சொல்வது?

இதில் எதுவும் ரகசியமில்லை. நோய் எது, அது எதனால் வந்தது, தணிக்கும் வழி எது என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன அதே வரிசை. அந்தக் குறளை ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். அதைக் கடைப்பிடிக்கிற ஆளைப் பார்க்க நான் பாலக்கரை ஷெட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்தக் கேள்விகள் எங்கே போயின? அவற்றால் யாருக்கும் லாபமில்லை என்பதால் போயின. பெடலை இருபது செகண்டு மிதித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை எஸ்டிமேட்டில் எந்த வரியில் போடுவது? பாகத்துக்கு எண் இருக்கிறது, விலை இருக்கிறது, வரி இருக்கிறது. யோசனைக்கு ஒன்றும் இல்லை. சித்தப்பாவிடம் பேசியவர் வண்டிக்கு அடியில் போகவில்லை. அடியில் போனவன் சித்தப்பாவிடம் பேசவில்லை. டோல்கேட்டில் இஞ்சினை அணைத்ததும் கியர் விழுந்தது என்ற அந்த ஒற்றைத் தகவல், நோயின் பாதி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ செத்துப்போனது.

கேள்வி தானாகச் செத்ததென்றும் சொல்ல முடியாது. வேலி போட்டு அடைத்தும் வைத்தார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. என்ன குற்றம்? அசல் உதிரிபாகங்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும், கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காமல் செய்தது. வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டது. ஆனால் அந்த உத்தரவு எதைக் குறித்துப் பேசியது என்று யோசியுங்கள். பாகத்தைப் பதுக்குவது பழைய வியாபாரம். 'என்ன நோய்' என்று கண்டுபிடிக்கும் வழியையே பூட்டி வைப்பது புது வியாபாரம். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறை. நல்ல விஷயம்தான். ஆனால் தளம் சட்டமாகாது. உரிமை இருக்கிறது என்று தெரிந்தால்கூட, கேட்க வாய் வர வேண்டுமே?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

"கியர்பாக்ஸை இறக்கினால் செட்டாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்." சரிதான். இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிய செலவு. அதனால் பிளேட் தேய்ந்து இறக்கியிருந்தால் ரிலீஸ் பேரிங்கையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாற்றுவது நியாயம். பாயும் அதைத்தான் செய்வார். என் கேள்வி அதற்கு முந்தினது. இறக்கணும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

"இப்ப வர்ற வண்டில எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். ஸ்கேனர் போட்டாத்தான் தெரியும்." ஸ்கேனர் வேண்டாம் என்று யார் சொன்னது? ஏஎம்டி வண்டியில் கியர் விழவில்லை என்றால் முதலில் அதைத்தான் மாட்டிப் பார்க்கணும். ஆனால் ஸ்கேனர் காட்டுகிற கோடு நோயின் பெயரைச் சொல்லாது, வலிக்கிற இடத்தைத்தான் காட்டும். ஒரு சென்சாரின் பெயர் வந்தால் சென்சார் போயிருக்கலாம், அதற்குப் போகிற ஒயர் அறுந்திருக்கலாம், சென்சார் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். சித்தப்பா வண்டியில் நான் அவ்வளவு நம்பிய கம்ப்யூட்டர் ஒரு கோடும் காட்டவில்லை. கிழிந்த ரப்பர் வாஷர் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பாது.

"முதல் தடவை சரியாத்தானே ஆச்சு?" இதுதான் மோசமான ஏமாற்று. கிளட்ச் செட் மாற்றும்போது எண்ணெய்க் குழாயைக் கழற்றி மாட்டினார்கள், புது ஆயில் ஊற்றினார்கள், ஏர் எடுத்தார்கள். அந்தத் தெம்பில் கிழிந்த சீல் பத்து நாள் தாக்குப்பிடித்தது என்பது பாயின் கணிப்பு. நோயைத் தொடாத வைத்தியம் பத்து நாள் பலித்தது. அந்தப் பத்து நாளை வைத்துக்கொண்டு 34,600 ரூபாய் பில்லை நியாயப்படுத்த முடியும். இரண்டாம் தடவை இன்னும் பெரிய பாகத்தைக் காட்டவும் முடியும். காரணம் தெரியாமல் சரியாவது, சரியாகாமல் இருப்பதைவிட ஆபத்து.

இப்போது நமக்கு வருகிறேன்.

பாய் ஐடிஐ போனதில்லை. பன்னிரண்டு வயசில் ஷெட்டுக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, அடி வாங்கிக் கற்றவர். அந்த முறையை நான் புகழப்போவதில்லை. பன்னிரண்டு வயசுப் பையன் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கணும். ஆனால் நம் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றதைச் சொல்லி அவரை மேதை என்கிறோம். அதே காரியத்தைப் பாலக்கரையில் ஒருவன் செய்தால் "படிப்பு ஏறல, ஷெட்டுக்குப் போயிட்டான்" என்கிறோம். ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு வைப்போம். மறுநாள் அதைப் பிடிக்கிற கைக்கு உட்கார நாற்காலி போட மாட்டோம். கருவிக்குப் பூஜை, கைக்குத் தீட்டு. கையால் செய்கிற வேலையையும் தலையால் செய்கிற வேலையையும் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்த ஊரில், கையால் யோசிக்கிறவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நமக்குத் தெரியவில்லை. அதனால் அவனிடம் கேட்பதையே விட்டுவிட்டு, டேப்லெட் வைத்திருப்பவரிடம் போகிறோம். அவர் நம்மைப்போல் பேசுகிறார், நம்மைப்போல் சட்டை போட்டிருக்கிறார். நான் சித்தப்பாவை அங்கே அனுப்பியதற்கு வேறென்ன காரணம்? அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அங்கே ஏசி இருந்தது.

இலக்கியம் படிக்கிற நமக்கு இதில் தனிக் குற்றம் உண்டு. "எனக்கு மெஷின்னாலே அலர்ஜி" என்பதை நாம் ஒரு நளினம் மாதிரி சொல்லிக்கொள்கிறோம். ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974இல் வந்த புத்தகம். நம் வட்டத்தில் அது பற்றி நடந்த பேச்சு பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஸென் பற்றிப் பேசுவார்கள். மெயின்டனன்ஸ் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கவனமில்லாத மெக்கானிக்குகள் வண்டியைக் கெடுப்பது அந்தப் புத்தகத்திலேயே வருகிறது.

ஒரு கதையில் ஒரு வரி இடறினால் நாம் என்ன செய்கிறோம்? திரும்பப் படிக்கிறோம். எந்தச் சொல்லில் இடறியது, முந்தின பத்தியில் என்ன நடந்தது, இடறல் இங்கே மட்டுமா எல்லா இடத்திலுமா என்று பார்க்கிறோம். "கதையையே மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால் சட்டையைப் பிடிப்போம். பாய் செய்ததும் அந்த வாசிப்புதான். அவர் பெடலை வாசித்தார். நமக்கு வாசிக்கத் தெரியும் என்ற கர்வம் இருக்கிறது, ஆனால் அச்சடித்த காகிதத்துக்கு வெளியே அதை எடுத்துப்போக மாட்டோம் என்றால் அது என்ன வாசிப்பு?

எல்லாரும் ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் படுக்கணும் என்று நான் சொல்லவில்லை. நானும் படுக்கப்போவதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்போம். "இது போயிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" "மாற்றுவதற்கு முன் என்ன சோதித்துப் பார்த்தீர்கள்?" "கழற்றின பழைய பாகத்தைக் கொடுங்கள், எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள்." நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷப்படுவார். அவரை முதல் தடவையாக ஒருவர் யோசிக்கிற மனுஷனாக நடத்தியிருக்கிறார். இன்னொன்றும் செய்யலாம். யோசனைக்குக் காசு கொடுக்கலாம். பாய் பதினைந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார் என்பதற்காக "பதினஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்ளோ கூலியா" என்று பேரம் பேசுகிறவர்களும் நாம்தான். கண்டுபிடிப்புக்குக் கூலி கொடுக்காத ஊரில் பாகம் விற்பவன்தான் பிழைப்பான். அதற்கும் பொறுப்பு நம்முடையது.

போன மாசம் திருச்சி போனபோது சித்தப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். பாயிடம், "எல்லாம் என் தப்புதான் பாய், நான்தான் அங்க விடச் சொன்னேன்" என்றேன். அவர் ஒரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே, "விடுங்க தம்பி, வண்டி ஓடுதுல்ல" என்றார். சித்தப்பா பேச்சை மாற்றி டீ சொன்னார்.

சித்தியின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டியை இப்போது நான் கட்டுகிறேன்.